52-இல் 27 போனால்

வணக்கம். மகன் மூன்றாம் வகுப்பு. கணக்கு மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. கணவர் வீட்டில் எல்லாரும் கணக்கில் கெட்டி. நான் தட்டுத்தடுமாறித் தேறியவள். "உங்க வீட்டு ரத்தம்" என்கிறார் மாமியார். அவனிடமே "எனக்கும் கணக்கு வராதுடா" என்று சொல்லிவிட்டேன். கணக்குத் திறமை பிறப்பிலேயே வருவதா? அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? 52-இல் 27 போனால் 35 என்கிறான், எத்தனை தடவை சொன்னாலும்.
- ஒரு அம்மா, திருமங்கலம்

அன்புள்ள அம்மா,

இந்த ரத்தப் பேச்சைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

மரபுக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த ஆயிரக்கணக்கான இரட்டையரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தொடக்கப்பள்ளி வயதில் கணக்கில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இருக்கும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மரபால் வருவது என்று கண்டார்கள். அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தின் அளவு. உங்கள் மகனின் மார்க்கில் பாதி உங்கள் வீட்டுச் சீதனம் என்று அர்த்தமில்லை. சூழல் மாறினால் அந்த அளவும் மாறும். மேலூர்க் கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் நல்ல விதைநெல்லும் மட்டமான விதைநெல்லும் ஒன்றுபோலத்தான் காயும். கணக்குக்கென்று ஒற்றை மரபணுவும் கிடையாது; ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் இம்மி. அதில் பாதி அப்பா வழி வருவது. தைரியம் இருந்தால் மாமியாரிடம் சொல்லுங்கள்.

அபாகஸ் இப்போது வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது கடைசி வரியில். முதலில் எழுத வேண்டியதைக் கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள்! 35 என்ற விடை எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? 2-இல் 7 போகாது. அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறான். 5-இல் 2 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதி வைத்துக்கொண்டு அதைப் பிசகாமல் செய்கிறான். மக்குப் பிள்ளை இப்படிச் செய்யாது. அவனுக்குப் புரியாதது ஒன்றே ஒன்று: 52-இல் இருக்கும் 5, ஐந்து அல்ல, ஐம்பது.

"பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லித் தராதீர்கள். அந்த வித்தையில் பிள்ளை 1 போட மட்டும் கற்றுக்கொள்கிறது, எதற்கென்று தெரிவதில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி ஒரே அளவாக ஒடியுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரி இரண்டு. கட்டுகளை அவனே எண்ணிக் கட்ட வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் பத்து என்பது அவனுக்கு வெறும் பேச்சு. 27 எடுக்கச் சொல்லுங்கள். உதிரியில் 7 இல்லை என்று விழிப்பான். வாயைத் திறக்காதீர்கள். அவனாகவே ஒரு கட்டைப் பிரிப்பான்: உதிரி 12, கட்டு 4. ஏழும் இரண்டு கட்டும் போக மீதி 25. குச்சியில் செய்த ஒவ்வொன்றையும் அப்போதே நோட்டில் எழுதட்டும். குச்சி ஒரு நாள், நோட்டு மறுநாள் என்று பிரித்தால் இரண்டும் ஒட்டாது. தினம் நான்கு கணக்கு போதும்.

"எனக்கும் வராதுடா" என்பதை இன்றோடு நிறுத்துங்கள். கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகவே கற்றார்கள் என்று 2015-இல் அமெரிக்க ஆய்வொன்று வந்தது. உங்கள் பயம் அவன் காதில் விழ வேண்டாம், தாயே.

அடுத்து 302-இல் 147-ஐக் கழிக்கக் கொடுங்கள். 155 வந்தால் குச்சியை எடுத்து வைத்துவிடலாம். 245 வந்தால் பழைய விதி இன்னும் போகவில்லை. பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டச் சொல்லி, அந்த நூறைப் பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.