பிஸ்கட் பாக்கெட்டும் விழிப்புணர்வும்

கேள்வி: அங்கன்வாடி, சத்துமாவு எல்லாம் இருந்தும் கிராமங்களில் சின்னக் குழந்தைகள் எடை குறைவாகவே இருக்கிறார்களே? தாய்மார்கள் பிஸ்கட் கொடுத்துப் பழக்குகிறார்கள். விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்? உங்கள் பத்திரிகை ஒரு விழிப்புணர்வுத் தொடர் வெளியிட்டால் என்ன?
— ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: அந்த ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் பாட்டி. தாய் காலையிலேயே களை வெட்டவோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பாள். பிஸ்கட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டாம். பல் முளைக்காத வாயிலும் கரையும், டீயில் நனைத்தால் இன்னும் சுலபம். குழந்தை தின்றுவிட்டுத் தூங்கிவிடும். காலையில் காய்ச்சிய கஞ்சி வெயில் ஏறினால் புளித்துப் போகும், மறுபடி காய்ச்சப் பாட்டிக்கு முட்டி விடாது. இதில் யாருக்கு என்ன விழிப்புணர்வு ஊட்டப் போகிறீர்கள்? அந்த டீ, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் ஒட்டவிடாது என்பதை வேண்டுமானால் பாட்டியிடம் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கு மேல் ரத்தசோகை. மதிய உணவுக்குப் பேர்போன மாநிலத்தின் கணக்கு இது. அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிட இரண்டு வயதாவது ஆக வேண்டும். ஆறு மாதத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்கியாக வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்றரை வருடத்தில்தான் குழந்தை சரிகிறது. அந்த வயதில் வயிறு சின்னது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் ஊட்ட வேண்டும். சத்துமாவு பாக்கெட்டை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், ஊட்டும் ஆளை யார் கொடுப்பது?

இதை அறியாதவர்கள் அல்ல நாம். 1980-லேயே தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைதான் அதன் குறி. மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து உணவு கொடுத்தார்கள். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், பணியிடத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை எத்தனை ஏரிக்கரையில் அமல்படுத்தினார்கள்? வேப்பமரத்தில் கட்டிய தூளியும், பள்ளத்திலிருந்து அடிக்கடி நிமிர்ந்து அதைப் பார்க்கும் தாயும்தான் நான் பார்த்த பணியிடங்கள்.

அப்புறம் முட்டை. இதை எழுதினால் சில வாசகர்கள் சந்தாவை நிறுத்துகிறார்கள், நிறுத்தட்டும். 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனையை முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் ஏற்கவில்லை. சாப்பிடாத வீட்டுக் குழந்தைக்குப் பழமோ பாலோ கொடுங்கள், நியாயம். சாப்பிடுகிற வீட்டுக் குழந்தையின் தட்டிலிருந்து அதை எடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

தொடர் வெளியிட மாட்டேன். உயரமாக்கும் பவுடர் விளம்பரங்களை வாங்குவதில்லை என்ற நம் முடிவும் மாறாது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பால் பவுடர், பாட்டில் விளம்பரங்களைச் சட்டமே தடுக்கிறது. பெரிய பிள்ளைகளைக் காட்டி அதே கம்பெனிகள் வாசலில் நிற்கின்றன.

நீங்கள் ஒன்று செய்யலாம். அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊரில் இரண்டு வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள் எடை குறைவு என்று கேளுங்கள், அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும். தாய் வேலைக்குப் போனபின் அவர்களை வைத்துக்கொண்டு ஊட்ட, சம்பளத்தோடு ஒரு ஆளும் ஒரு அறையும் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தலைவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள், பெயரோடு அச்சிடுகிறேன்.