ஒலிப்பதிவுக் கூடத்தில் கிற்றார் வாசித்தே பிழைக்க முடியுமா?

மேடை ஏறாமல் ஒலிப்பதிவுகளுக்கு மட்டும் கிற்றார் வாசித்து வாழ முடியுமா என்று வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும், ஆனால் ஊரைப் பொறுத்தது.

லொஸ் ஏஞ்சல்ஸின் டொமி டெடெஸ்கோவை (1930–1997) எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அவருடைய கிற்றார் ஒலித்தது. கேட்டவர்களில் அநேகருக்கு அவர் பெயரே தெரியாது. அங்கே வேலை மூன்று மணிநேரக் கணக்கு. இசைக்குறிப்புத் தாளை முன்னால் வைப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். தாளில் மாண்டலின் என்று இருந்தாலும் டெடெஸ்கோ மலைக்கமாட்டார். அதன் தந்திகளையும் கிற்றாரைப் போலவே சுருதி கூட்டி, பழகிய விரலமைப்பிலேயே வாசித்துவிடுவார். கேட்பவருக்கு மாண்டலின், விரலுக்குக் கிற்றார்! இரண்டாவது வாத்தியத்துக்குத் தொழிற்சங்க விதிப்படி மேலதிகக் கூலி வேறு. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். 1992இல் வந்த பக்கவாதம் அந்தத் தொழிலை முடித்துவைத்தது.

கொழும்பில் அந்த அளவுக்குப் படமும் தொடரும் ஏது? விளம்பர மெட்டுகளைக் கணினியே முடித்துவிடுகிறது. கலியாண வீடு, ஹோட்டல் இசைக்குழு, பிள்ளைகளுக்கு வகுப்பு என்று எல்லாம் சேர்ந்தால்தான் இங்கே அடுப்பு எரியும். இருந்தாலும் இசைக்குறிப்பு வாசிக்கப் பழகுங்கள், தம்பி. காதால் கேட்டு வாசிப்பவர்கள் இங்கே தாராளம். தாளைப் பார்த்து முதல் தடவையிலேயே பிழையின்றி வாசிப்பவரைத்தான் மறுபடியும் கூப்பிடுவார்கள். கூலியை மட்டும் வாசிக்க முன்பே பேசிவிடுங்கள்.