கிட்டாரும் கைவலியும்: கேட்டவை, சொன்னவை

கிட்டார் வாங்கி ரெண்டு வாரம். விரல்நுனி எரியுது சார், விட்டுடலாமா?

விடாதீங்க. மூணு நாலு வாரத்துல நுனி காய்ச்சுடும். அதுவரைக்கும் பத்துப் பத்து நிமிஷமா வாசிங்க. குளிச்ச கையோட உட்காராதீங்க, ஊறின தோல் உரியும். ஸ்ட்ரிங்கோட தடிமன் 12 கேஜ்னா, மெலிசான 10க்கு மாறுங்க. அதுல வெட்கமே வேண்டாம். பிளாக் சபாத் ராக் குழுவோட கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 1965ல பர்மிங்காம் தொழிற்சாலையில ரெண்டு விரல்நுனியை இழந்தவர். மெலிசா இருக்குன்னு பேஞ்சோ ஸ்ட்ரிங்கை மாட்டித்தான் திரும்ப வாசிச்சார்.

ஆள்காட்டி விரலாலயே எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தணுமே, அந்த எஃப் கார்டோட ஒரு வருஷமா போராட்டம். கட்டைவிரல் அடியில கடுக்குது.

முதல்ல கிட்டாரைச் சந்தேகப்படுங்க. முதல் பிரெட்ல (நெக்குக்குக் குறுக்கே பதிச்ச கம்பிதான் பிரெட்) கேப்போ, அதாவது எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப், மாட்டி, அதே வடிவத்தை ஒரு பிரெட் தள்ளிப் பிடிங்க. ரொம்பச் சுலபமாயிடுச்சா? அப்போ நட், அதாவது நெக் நுனியில ஸ்ட்ரிங் உட்கார்ற பள்ளம் வெச்ச கட்டை, உயரமா இருக்கு. கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுத்தா பள்ளத்தை அராவி இறக்கிடுவார்.

அப்பவும் கடுத்தா, கோளாறு கையில. மூணாவது ஸ்ட்ரிங், அஞ்சாவது பிரெட். பிரெட் கம்பியை ஒட்டினாப்புல ஸ்ட்ரிங் மேல விரலைச் சும்மா வெச்சு மீட்டுங்க, ‘டொக்’குனு கேட்கும். கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க. முதல்ல கரகரக்கும், அப்புறம் தெளியும். தெளிஞ்ச இடத்துலயே நிறுத்துங்க. தேவை அவ்வளவுதான்! நான் பல வருஷம் கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு நெக்கை நெரிச்சவன். இப்போ மாணவர்களைக் கட்டைவிரலை எடுத்துட்டே, எஃப் மாதிரி பார் கார்டு பிடிக்கச் சொல்றேன். வலது முழங்கை பாடியை லேசா அணைச்சுக்கட்டும், இடது கையோட எடை பின்னால இழுக்கட்டும்.

வலது தோள்பட்டை இறுகிடுது. டிரெட்நாட் கிட்டார்.

பெட்டி பெரிசு, தோள் காதுக்கு ஏறிடுது. உட்கார்ந்து வாசிச்சாலும் ஸ்ட்ராப் போடுங்க. தோள் ஏறுதான்னு பார்த்துக்க எதிர்ல ஒரு கண்ணாடி வைங்க.

சுண்டுவிரல் மரத்துப்போகுது. எண்ணெய் தேய்க்கலாமா?

மரத்துப்போறது வேற விஷயம். சுண்டுவிரலும் மோதிரவிரலும்னா பெரும்பாலும் முழங்கையில நரம்பு அழுந்துது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்னா மணிக்கட்டு. வாசிக்கிறதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. எண்ணெயில தீராது.

அடுத்த வாரம் கச்சேரி. வலி மாத்திரை போட்டுட்டு ரிகர்சல் பண்ணட்டுமா?

வேண்டாம். வலி தெரியாம இன்னும் அழுத்துவீங்க. அரை ஸ்வரம் இறக்கி டியூன் பண்ணி முதல் பிரெட்ல கேப்போ போடுங்க, சுருதி மாறாது, ஸ்ட்ரிங் தளரும். பார் கார்டு பாட்டு ரெண்டை அடுத்தடுத்து வைக்காதீங்க.