புகையா, பனியா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் நீதிபோதனை எடுக்கிறேன். இங்கிலாந்தில் சமயப் பாடத்தோடு தத்துவமும் நடத்துகிறார்களாம். இங்கே செய்யலாமா? சென்ற வாரம் ஒரு மாணவி, “எல்லாம் தெரிஞ்ச கடவுள் எதுக்கு மிஸ் நம்மளச் சோதிக்கணும்?” என்றாள். பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் பக்குவம் போதாது, இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. சட்டச் சிக்கல் வருமா? நல்ல புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

சட்டத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். உதவிபெறும் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சமய போதனையில் உட்காரவைக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதுதான் அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்வது. யோசிக்கக் கற்றுக்கொடுப்பது போதனை ஆகாது. இங்கிலாந்தில் பதினாறு வயதுக்கு மேல் சமயப் பாடம் எடுப்பவர்கள், கடவுள் உண்டு என்பதற்கான வாதங்களையும் அவற்றுக்கான மறுப்புகளையும் தேர்வுக்கே படிக்கிறார்கள். சரி, அது அவர்கள் ஊர்.

என்னை எழுத உட்காரவைத்தது ‘பக்குவம்’ என்ற சொல். சில வாரங்களாக மணிமேகலைக் காப்பியத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கப் போகிற மணிமேகலையிடம் தெய்வம் என்ன சொல்கிறது தெரியுமா? நீ இளையவள், வளையல் போட்டவள், உனக்கு யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள், வேற்றுருக் கொண்டு போ என்கிறது. தவசி வேடத்தில்தான் அவள் போக வேண்டியிருக்கிறது. உங்கள் மாணவியும் வேடம் போட்டு வந்தால்தான் பதில் சொல்வீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வியை மறக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. இதே மலையில் வேறொரு பள்ளி. நீதிபோதனை வகுப்பில், “கண்ணால பார்க்காத சாமிய எப்படி சார் நம்புறது?” என்று கேட்டேன். வராந்தாவில் நிற்கவைத்தார்கள். மார்ச் மாதம், உறைபனியில் கருகிய புல் காய்ந்து கிடக்கும் நேரம். எதிர்ச் சரிவில் வெள்ளையாக ஏதோ எழுந்தது. காட்டுத்தீ என்று நான் பதறினேன். வாட்ச்மேன் தாத்தா தோளைப் பிடித்து நிறுத்தினார். “பொறு கண்ணு. புகைன்னா ஒரு இடத்துல இருந்து கெளம்பும். இது பள்ளம் முழுக்க ஏறி வருது பாரு. வாசமும் இல்ல. பனிதான்.”

காணாததை எதை வைத்து நம்புவது, எப்போது நம்பாமல் பொறுத்திருப்பது என்று அன்று எனக்குக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

பல வருடம் கழித்து மணிமேகலையின் 29-வது காதையில், அதாவது அத்தியாயத்தில், அதே காட்சி. அனுமானம், அதாவது கண்டதை வைத்துக் காணாததை அறிவது, எங்கெங்கே தவறும் என்று அவளுடைய குரு அறவண அடிகள் அடுக்கும்போது, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகையாகக் கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிவதையும் ஒரு பிழையாகச் சொல்கிறார். படித்ததும் வராந்தாவில் போய் நின்றுவிட்டேன். அப்புறம் 27-வது காதை. கண்ணால் கண்டதே மெய் என்கிற பூதவாதியிடம் மணிமேகலை கேட்கிறாள்: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? அவர்களுக்குத்தான் நீ பிறந்தாய் என்பதை நீ கண்ணால் பார்த்தாயா என்ன!

அந்தப் பதினான்கு வயதில் நான் பூதவாதி. இதே கேள்வியை அந்த ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. அம்மாவோடு கோவிலுக்குப் போவதும் நின்றது. நம்பிக்கை போய்விடும் என்று பயப்படுகிறீர்களே, என்னுடையது போனது கேள்வி கேட்ட நிமிடத்தில் இல்லை, வாசலுக்கு வெளியே நின்ற அந்த அரைமணி நேரத்தில்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டு காதைகள், ஒரு நல்ல உரையோடு, இந்த வருடத்துக்குப் போதும். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பெண்ணை எழுந்து கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் பேசட்டும். அவள் கடைசியில் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.