மாமி தலைக்கு மேல தண்ணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூணாவது மாடி ஃபிளாட், கட்டி இருபது வருஷம் ஆச்சு. எங்க பாத்ரூம் தண்ணி கசிஞ்சு கீழ்வீட்டு சீலிங் உப்பிப் போச்சு, அந்த மாமி லிஃப்ட்ல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டிட்டா சரியாயிடும்னு மேஸ்திரி சொல்றார். செய்யலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: வேணாங்க. பாக்க அழகா இருக்கும், ஒழுகுறது நிக்காது. பழைய அபார்ட்மென்ட் நிறையத்துல பாத்ரூம் தளத்தை ஒரு அடி போல இறக்கிப் போட்டு, பைப் ஓட்டி, மிச்சப் பள்ளத்துல உடைஞ்ச செங்கல்லைக் கொட்டி மூடியிருப்பாங்க, டைல்ஸ் இடுக்குல எறங்குற தண்ணி அதுக்குள்ளயே வருஷக்கணக்கா ஊறி, போக வழியில்லாம மாமி தலைக்கு மேல வந்து நிக்குது. முதல்ல ரெண்டு மூணு நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வைங்க. சொட்டு கொஞ்சம் கொஞ்சமா அடங்கினா தரையோ கழிவு பைப்போதான் பிரச்சினை. அடங்காம அதே வேகத்துல சொட்டினா டேங்க்லேர்ந்து தண்ணி வர்ற பைப்பை சந்தேகப்படுங்க, அதுக்கு மொத்தத் தரையையும் உடைக்க வேண்டியிருக்காது.

தரைதான்னா உடைச்சே ஆகணும். வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங்கை தரையோட நிறுத்தாம சுவத்துலயும் ஒரு அடி ஏத்தச் சொல்லுங்க. அது காஞ்சதும், டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி, தண்ணி வெளிய போற ஓட்டையை அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க. "அதெல்லாம் எதுக்கு மேடம், முப்பது வருஷமா பண்றேன்"னு மேஸ்திரி இழுப்பார், அசையாதீங்க. அந்த ரெண்டு நாளும் கீழ போய் சீலிங்கைப் பாக்கணும்ல, அதனால மாமிகிட்ட இப்பவே சமாதானமாப் போயிடுங்க.

கேள்வி: எங்க மேஸ்திரிக்கு எப்ப ஃபோன் போட்டாலும் "கத்திப்பாரா தாண்டிட்டேன் சார்"ங்கிறார். நாலு நாளாச்சு! (ஆலந்தூர் வாசகர்)

பதில்: அந்த கத்திப்பாரா மேம்பாலத்துல ஒரு லூப் மாறினா சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான், பாவம் அவர் இன்னும் இறங்கலையோ என்னவோ. அட்வான்ஸை மொத்தமா குடுத்துட்டீங்கன்னு நினைக்கிறேன். அவருக்கு இன்னும் ரெண்டு சைட் ஓடும், எங்க காசு பாக்கி இருக்கோ அங்கதான் சித்தாளோட போவார். உடைச்சு முடிச்சா இவ்வளவு, பூச்சு முடிச்சா இவ்வளவுன்னு பிரிச்சுக் குடுங்க.

கேள்வி: வீட்டு முன்னாடி கொஞ்சூண்டு மண் தரை இருக்கு. கார் நிறுத்த முழுசா சிமென்ட் போட்டுடலாம்னு இருக்கேன், மழைநீர்க் குழியையும் மூடிடலாமா? (முகப்பேர் வாசகர்)

பதில்: 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்போ ஊரே குழி தோண்டுச்சு, அப்புறம் நிறைய பேர் அது மேல செருப்பு ஸ்டாண்டை வெச்சுட்டாங்க. 2015ல வீட்டுக்குள்ள தண்ணி, 2019ல குடத்தோட லாரிக்கு க்யூ, ரெண்டையும் பாத்தவங்கதானே நாம. சக்கரம் ஓடுற ரெண்டு பட்டைக்கு மட்டும் கல்லு பதிங்க, நடுவுல மண்ணு இருக்கட்டும். குழியை மூடாதீங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஆள் வெச்சு உள்ள இருக்குற சேறை அள்ளிட்டு ஜல்லியைக் கழுவிப் போடுங்க. கல்லு பதிக்கிற ஆள் "நடுவுல மட்டும் விட்டா அசிங்கமா இருக்கும் சார்"னுவார், அவருக்கு சதுர அடிக் கணக்கு, அப்படித்தான் சொல்லுவார்.