கூடுகை ஒத்திவைப்பு: ஒரு கடிதம் (மார்ச் 2020)

அன்புள்ள ஐயா,

மார்ச் 28, 29 தேதிகளில் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அருகே நடக்கவிருந்த கடலோர எழுத்தாளர் கூடுகையைக் கொரோனா தொற்றின் காரணமாக ஒத்திவைத்திருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். என் முதல் கதையை அங்கே வாசிப்பதாக இருந்ததால், ஏமாற்றத்தோடு கொஞ்சம் கோபமும் வந்தது. தமிழ்நாடு முழுவதிலும் ஒருவருக்குத்தான் நோய் உறுதியானது, அவரும் தேறிவிட்டார். இம்மாதம் 6, 7 தேதிகளில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் படகேறிப் போய்வந்தார்கள். அறுபது பேர் கூடிக் கதை பேசினால் என்ன வந்துவிடும்? வருகிறவர்கள் அவரவர் பொறுப்பில் வரட்டுமே.

ம., பரமக்குடி

அன்புள்ள ம.,

கோபம் வந்ததில் தவறில்லை. கச்சத்தீவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் முதல் நோயாளி கண்டறியப்பட்டதே அத்திருவிழாவின் இரண்டாம் நாளில்தான். உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 11ஆம் தேதி. தெரியாதபோது போய்வந்தவர்களைக் காட்டி, தெரிந்த பிறகு நாம் கூடுவதை நியாயப்படுத்த முடியாது. நேற்று, திரையரங்குகளை மாத இறுதிவரை மூட அரசு உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் நாங்கள் முடிவெடுத்தது அதற்கு இரண்டு நாள் முன்பு என்பதால், அரசின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கும் வசதியும் எனக்கு இல்லை.

‘அவரவர் பொறுப்பில்’ என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. நம் கூடுகைக்கு வருகிறவர்கள் விடுதியில் தங்குவதில்லை. மீனவர் வீடுகளின் முன்திண்ணையிலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்துப் படுக்கிறோம், அவ்வீட்டுப் பெண்கள் காலையில் ஏலக்கூடத்துக்குப் போய் வாங்கிவரும் மீனைத்தான் மதியம் சாப்பிடுகிறோம். அந்த வீடுகளில் எழுபதைக் கடந்த தாத்தாவோ அப்பத்தாவோ இல்லாத வீடு ஒன்றைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. தொற்றியவருக்கு அறிகுறி தெரியப் பதினான்கு நாள்வரை ஆகலாம் என்கிறார்கள். முதியவர்களைத்தான் அதிகம் வீழ்த்துகிறது என்றும் சொல்கிறார்கள். நீங்களும் நானும் கதை பேசிவிட்டு ஊர் திரும்பிவிடுவோம். நாம் விட்டுவிட்டு வந்தது என்னவென்று அந்தத் திண்ணைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் இல்லாத மாவட்டம் இது. மூச்சுத் திணறும் ஒருவரைப் பாம்பன் பக்கமிருந்து மதுரைக்குக் கொண்டுபோக நூற்றைம்பது கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். அந்தப் பொறுப்பை வருகிறவர் எப்படி ஏற்க முடியும்?

மாவட்டத்தில் ஒருவருக்கும் இல்லை என்பதையும் நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்பாத தெரு கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ எத்தனை இருக்கும்? (அவர்கள் ஊர் திரும்புவதைக் குற்றமாகப் பேசும் குரல்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டன, அது எனக்கு உவப்பாக இல்லை.) இன்னும் வரவில்லை என்பதால் எச்சரிக்கை வீணாகிவிடாது. காற்று எச்சரிக்கை வந்த நாளில் மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் தராது. கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், கடல் தட்டையாகக் கிடக்கும், விசைப்படகுக்காரர்கள் அதிகாரிகளைத் திட்டித் தீர்ப்பார்கள். சில முறை காற்று வராமலே போனதும் உண்டு. அதற்காக மறுமுறை எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போகச் சொல்லும் சம்மாட்டியை (படகு முதலாளியை) நான் மதிக்க மாட்டேன்.

கூடுகை அரங்குக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பியது; அது எங்கள் பாடு.

இணையவழியில் நடத்தலாமே என்று வேறு சிலர் எழுதியிருந்தார்கள். வாசிப்பை மட்டும் அப்படி நடத்திவிடலாம்தான். ஆனால் நம் கூடுகையில் நல்ல பேச்சு எப்போதுமே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படகு நிழலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் குறுக்கே புகுந்து, “அந்தக் காற்றுக்கு அது பேரில்லை” என்று நம் கதைகளைத் திருத்தியதும் அங்கேதான். அவர்கள் இல்லாமல் நடத்த எனக்கு மனமில்லை.

புதிய தேதியை இப்போது அறிவிக்கப் போவதில்லை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14வரை நீடிக்கும்; விசைப்படகில் போகும் நம் நண்பர்கள் கரையில் இருக்கும் காலம் அதுதான் என்பதால் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இந்த நிலையில் தேதி குறித்துவிட்டு மறுபடி ஒத்திவைத்தால் இன்னொரு முறை உங்கள் கோபத்துக்கு ஆளாவேன். உங்கள் கதை என்னிடம் இருக்கிறது. அதில் கச்சான் காற்று வீசும் மாதத்தைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடலுக்குப் போகிற ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுத் திருத்தி அனுப்புங்கள்.