எலிக்கு முடி வளர்க்கவா எம்.பார்ம்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் பி.பார்ம் முடிக்கப்போகிறாள். மேலே மருந்தியல் படித்து, முடி உதிர்வுக்குத் தடவும் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்குப் போவாளாம். எலி முதுகில் எண்ணெய் தடவுவதெல்லாம் ஒரு வேலையா சார்?"

வேலைதான், ஐயா. தடவுவது அதில் சின்னப் பகுதி. சி57 என்ற கருப்புச் சுண்டெலிக்கு ஏழு வாரம் ஆகும்போது முதுகு முடி மொத்தமும் ஓய்வில் இருக்கும். அப்போது மழித்தால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். முடி வளரத் தொடங்கினால் சாம்பலாகி, பிறகு கருக்கும். ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்கு முடி வளர ஏற்கெனவே விற்கும் மினாக்சிடில் மருந்து, மூன்றாவதற்கு மருந்து கலக்காத வெறும் கரைசல். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உரமிட்ட பாத்திக்குப் பக்கத்திலேயே உரமிடாத பாத்தியும் வைப்பார்களே, அதே கணக்கு.

ஏமாறவும் நிறைய வழி உண்டு. மழிக்காமல் மெழுகால் பிடுங்கினால், பிடுங்கியதே முடியைக் கிளப்பிவிடும். ஒரே கூண்டு எலிகள் ஒன்றின் முடியை இன்னொன்று கடித்தே மொட்டையாக்கும். அப்புறம், ஆண்களுக்கு வரும் வழுக்கை எலிக்கு வருவதில்லை. எலிக்கு வளர்ந்துவிட்டது என்பதாலேயே மாமாவுக்கும் வளரும் என்று எழுதிவிட முடியாது. கரிசலாங்கண்ணித் தைலத்தைத் தடவிவிட்டு இதையெல்லாம் கவனிக்காமல் எழுதும் ஆய்வேடு வேலைக்கு உதவாது.

மகளிடம் ஒன்றை மட்டும் நேராகக் கேளுங்கள். தோலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் கடைசியில் பெரும்பாலும் அந்த எலிகளைக் கொல்ல வேண்டியிருக்கும். அது முடியுமா? முடியாது என்றால் தவறில்லை, மருந்தைத் தைலமாகவோ மாத்திரையாகவோ உருவாக்கும் மருந்தாக்கவியல் எடுக்கட்டும். பன்றிக் காதுத் தோலை ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கருவியில் பொருத்தி, மருந்து எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கும் வேலை அங்கே இருக்கிறது. மருந்து நிறுவனங்களுக்கு அதுவும் தேவை.

முடியும் என்றால், கல்லூரி தஞ்சாவூரோ திருச்சியோ சிதம்பரமோ, கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். விலங்குக்கூடம் உண்டா, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவின் பதிவு இருக்கிறதா, விலங்கு நெறிமுறைக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று விசாரியுங்கள். எம்.பார்ம் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான ஜிபேட்டில் தகுதி பெற்றுச் சேர்ந்தால் மாத உதவித்தொகைக்கு வழி உண்டு. அதற்கு இப்போதே படிக்கட்டும்.

வேலை டெல்டாவில் கிடைப்பது கடினம். பெங்களூரு, ஐதராபாத், சென்னையில் உள்ள, மருந்து நிறுவனங்களுக்காகச் சோதனை செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும். வெளியூருக்கு அனுப்புவீர்களா என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள், சேர்க்கைக் கட்டணம் கட்டிய பிறகு வேண்டாம்.